சுமைகூலி முக்கால் பணம்

எங்கள் தமிழ்ப் பள்ளிக்குத் தேவைப்பட்டது வாடகைப் பணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நாங்கள் அனுப்பிய பதினேழு பக்க விண்ணப்பத்தில் அந்தச் சொல் ஓரிடத்திலும் வராது.

ஓஹையோ மாநிலத்தில், நகரம் என்றும் சொல்ல முடியாத, கிராமம் என்றும் சொல்ல முடியாத ஓர் ஊர். அங்கே ஒரு தேவாலயத்தின் நிலவறையில் ஞாயிறுதோறும் மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு வரை பள்ளி நடக்கிறது. 64 பிள்ளைகள், சம்பளம் வாங்காத 11 ஆசிரியர்கள், மூன்றாவது தாளைத் தவறாமல் கசக்கித் துப்பும் ஒரு ஜெராக்ஸ் மெஷின். நான் பொருளாளர். ஒரு பொங்கல் விழாவில் சமோசா விற்ற காசைச் சில்லறை பிசகாமல் ஒப்படைத்தேன். அந்த ஒருநாள் நேர்மைக்கு ஆறு வருடமாகத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

தேவாலயத்தார் நல்லவர்கள். ஆனால் குளிர்காலத்தில் நிலவறையைச் சூடாக்கும் செலவு ஏறிவிட்டது, வாடகையைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். நிர்வாகக் குழு கூடியது. பிள்ளைக்கு மாதம் ஐந்து டாலர் கூடுதலாக வாங்கலாமே என்றேன். அறையில் ஓர் அமைதி. ஆளாளுக்குச் செல்போனில் அவசரமாக எதையோ தேட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் எக்ஸெல் அண்ணன் வாயைத் திறந்தார். (அவருக்கு வேறு பெயர் உண்டு. வீட்டுக்குப் பால் வாங்குவதற்கும் எக்ஸெல் போடுகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?)

"நம்ம ஊர்லயே கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் இருக்கு. நம்மள மாதிரி அமைப்புகளுக்குச் சும்மா தர்றாங்க."

சும்மா என்ற சொல்லை அண்ணன் அதற்குப் பிறகு பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

இந்தக் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் என்பது எங்கள் மாநிலத்துக் கண்டுபிடிப்பு. முதலாவது, 1914இல் கிளீவ்லேண்டில் பிறந்தது. ஃபிரெடெரிக் கோஃப் என்ற வங்கிக்காரர் ஆரம்பித்தார். பணக்காரர்கள் சாகும்போது இன்ன காரியத்துக்குத்தான் இந்தப் பணம் என்று எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். காலம் மாறிக் காரியமே இல்லாமல் போய்விடும், பணம் மட்டும் வங்கியில் கிடக்கும். செத்தவன் கை பிடித்த பிடியை விடாது. செயின்ட் லூயிஸில் மேயராக இருந்த பிரையன் மல்லன்ஃபி என்பவர் 1851இல் இறந்தபோது, மேற்கே குடியேறப் போகும் வழியில் அந்த ஊரில் சிக்கித் தவிக்கும் ஏழைகளுக்கென்று சொத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதி வைத்தார். பிறகு ரயில் வந்தது, மாட்டு வண்டிகள் நின்றன, அந்தப் பணத்துக்கு ஏற்ற ஏழையைத் தேட வேண்டியதாயிற்று. நமக்கு இது புதிதில்லை. தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் போகிறவர்களுக்காக வழிநெடுகச் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் அப்படி வந்ததுதான். யாத்திரைக்காரர்கள் ரயிலேறிப் போன பின் சத்திரத்துப் பணம் பள்ளிக்கூடம், மாணவர் விடுதி என்று வேறு வழியில் நடந்தது. கோஃப் செய்தது, இந்த மாற்றத்துக்கு முன்கூட்டியே வழி வைத்ததுதான். ஊரார் பணத்தை ஒரே உண்டியலில் போடு, வருமானத்தை எதற்குக் கொடுப்பது என்பதை அந்தந்தக் காலத்தில் உயிரோடு இருப்பவர்கள் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். இன்று அமெரிக்கா முழுவதும் இப்படித் தொள்ளாயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

நல்ல யோசனைதான். அந்த உயிரோடு இருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள் என்பதுதான் சங்கடம்.

விதிமுறையின் முதல் பக்கத்திலேயே இடி. வாடகை, மின்கட்டணம் போன்ற அன்றாடச் செலவுகளுக்குப் பணம் கிடையாது. புதிய திட்டம் வேண்டும். பசிக்கிறது, ஒரு பிடி சோறு போடுங்கள் என்று போனால், சோறு கிடையாது, ஆனால் நீங்கள் புதுவகையாக ஒரு பாயசம் வைப்பதாக இருந்தால் முந்திரி வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். நாங்கள் பாயசம் வைக்க முடிவு செய்தோம். ஊர்ப் பொது நூலகத்தில் தமிழ்ச் சிறுவர் புத்தகங்களுக்கு ஓர் அலமாரி, மாதம் ஒரு சனிக்கிழமை யார் வேண்டுமானாலும் வந்து கேட்கும்படி இருமொழிக் கதை நேரம். கேட்பது 4,800 டாலர். வாடகை விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் நாங்கள் இருக்கிறோம் என்பதை நிரூபிக்க வேண்டும். வருமான வரித்துறை கொடுத்த 501(சி)(3) கடிதம் கேட்டார்கள். அது எங்கள் பழைய தலைவரின் வீட்டில், அவர் மகளின் ஜாதகத்தோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தது. அடுத்து, மூன்று வருடத்து வரிப் படிவம். வருட வரவு 50,000 டாலருக்கு உட்பட்ட எங்களைப் போன்ற சுண்டைக்காய் அமைப்புகளுக்கு 990-என் என்று ஒரு மின்னஞ்சலட்டை உண்டு. எட்டுக் கேள்வி, பத்து நிமிட வேலை. பொருளாளராகிய நான் அந்தப் பத்து நிமிடத்தைக் கடைசி இரண்டு வருடங்கள் ஒதுக்கவில்லை. மூன்று வருடம் தொடர்ந்து விட்டால் யாரும் வந்து விசாரிப்பதில்லை, வரிவிலக்கு தானாகவே செத்துப்போகும். மூன்றாவது கெடு நவம்பர் 15. நாங்கள் இதைக் கண்டுபிடித்தது நவம்பர் 5. ஆக, அந்த அறக்கட்டளை ஒரு காசு கொடுக்கும் முன்பே பள்ளியைக் காப்பாற்றிவிட்டது. இதையும் விண்ணப்பத்தில் நாங்கள் எழுதவில்லை.

பிறகு நிர்வாகக் குழு. உறுப்பினர்களுக்குள் உறவு ஏதும் உண்டா, உண்டென்றால் விளக்குக என்று ஒரு கட்டம். ஒன்பது பேரில் மூன்று தம்பதிகள். மீதி மூன்று பேரில் ஒருவர் இன்னொருவருக்கு மச்சினர், மூன்றாமவர் எல்லாருக்கும் அத்தை. அவர் உண்மையில் யாருக்கு அத்தை என்று விசாரித்தோம். யாருக்கும் இல்லை என்று தெரிந்ததும் அவருக்கே வருத்தமாகிவிட்டது. அடுத்த கட்டம் இன்னும் மோசம்: குழுவில் எத்தனை சதவீதம் பேர் சொந்தப் பணம் நன்கொடை தந்திருக்கிறார்கள்? நூறு என்று எழுதினால்தான் மரியாதை என்று எக்ஸெல் அண்ணன் சொன்னார். அன்றிரவு பத்து மணிக்கு வாட்ஸப்பில் ஓர் அவசர அறிவிப்பு. ஆளுக்குப் பத்து டாலர், உடனே. பதினொன்றரைக்குள் எட்டுப் பேர் அனுப்பிவிட்டார்கள். ஒன்பதாவது ஆள் பொருளாளர் என்பதை என் மனைவிதான் நினைவுபடுத்தினாள்.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பாசமுத்திரத்தில் இருக்கிறாள். வாரம் இரண்டு முறை வீடியோவில் வருவாள். நான் கம்ப்யூட்டர் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"ஏய்யா, நன்கொடை வாங்கவா இம்புட்டுப் பேப்பரு? இங்க கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிக்க வாரவன் ஒரு நோட்டும் பேனாவும்தான கொண்டாரான். குடுக்கலன்னா வாசல்லயே உக்காந்துக்கிடுதான். நீயும் போயி உக்காரேன்."

இந்த ஊரில் அப்படி உட்கார்ந்தால் போலீஸ் வரும் என்றேன். அம்மா நம்பவில்லை.

கேள்விகளுக்குப் பதில் எழுதும் வேலை தொடங்கியது. உங்கள் அமைப்பின் வரலாறு: 1,500 எழுத்துகளுக்குள், இடைவெளியும் சேர்த்து. தலைமையாசிரியை அக்கா முதல் வரைவை எழுதினார். கல்லுக்கும் மண்ணுக்கும் முந்தைய காலத்தில் ஆரம்பித்தார். சங்கம் முடிந்து பல்லவர்கள் வரும்போது 1,460 ஆகிவிட்டது. மிச்சமிருந்த நாற்பது எழுத்தில் எங்கள் பள்ளியைச் சொல்ல வேண்டும். கீழடியை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் சங்கம், பல்லவர், கீழடி மூன்றும் போய், "2009 முதல் நடக்கிறது" என்று நின்றது.

அடுத்து, தேவையை எண்களால் நிறுவுக. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் அட்டவணையில் எங்கள் ஊர்த் தமிழர்களைத் தேடினேன். விரிவான அட்டவணையில் தமிழுக்குத் தனி வரி உண்டு. சுருக்க அட்டவணையில் நாம் 'ஆசிய, பசிபிக் தீவு மொழிகள்' என்ற கூட்டத்துக்குள் இருக்கிறோம். தமிழும் ஜப்பானிய மொழியும் ஹவாய் மொழியும் ஒரே பெஞ்சில். எதிர்வீட்டுக் குஜராத்திக்காரர் 'இந்தோ ஐரோப்பிய' வரிசையில் கிரேக்கர்களோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இதை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. இப்போதெல்லாம் அவர் கையசைப்பதிலேயே ஒரு தோரணை தெரிகிறது.

ஆனால் உண்மையான சிக்கல் வேறு. உங்களால் பயன்பெறுவோரில் வருமானம் குறைந்த குடும்பங்கள் எத்தனை சதவீதம்? பள்ளியில் இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகள் எத்தனை பேர்? நியாயமான கேள்வி. ஊர்ப் பணத்தை ஊரிலுள்ள ஏழைக்குத்தானே முதலில் கொடுக்க வேண்டும்? எங்கள் பெற்றோரில் முக்கால்வாசி மென்பொருள்காரர்கள், மிச்சம் டாக்டர்கள். ஐந்து டாலர் கூட்ட மறுத்தவர்கள்தான், ஆனால் அதை வறுமை என்று எழுத முடியாது. என்ன ஏழ்மை இருக்கிறது நம்மிடம் என்று ஒரு மாலை முழுதும் யோசித்தோம். அத்தைதான் சொன்னார், யாரிடம் என்றில்லாமல், பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே: "என் பேரன் என்னோட பேசவே மாட்டேங்குறான். அவனுக்கு என் பாஷை தெரியல, எனக்கு அவன் பாஷை தெரியல."

அதை அப்படியே எழுதினோம். விண்ணப்பத்திலேயே அந்த ஓர் இடத்தில்தான் எழுத்தை எண்ணாமல் எழுதினேன். எண்ணிப் பார்த்தபோது வரம்புக்குள்தான் இருந்தது.

ஆனால் எழுதினால் போதாது, அளக்க வேண்டும். லாஜிக் மாடல் என்று ஓர் அட்டவணை. இடப்பக்கம் நாம் போடும் பணமும் உழைப்பும், வலப்பக்கம் அதனால் உலகத்தில் ஏற்படும் மாறுதல். நடுவில் அவுட்புட் என்று ஒரு கட்டம், அதை அடுத்து அவுட்கம் என்று ஒரு கட்டம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று குழுவில் ஒன்றரை மணி நேரம் சண்டை. எத்தனை தோசை சுட்டோம் என்பது அவுட்புட், தின்றவனுக்குப் பசி அடங்கியதா என்பது அவுட்கம் என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். அதன்படி எங்கள் அவுட்கம்: பாட்டியோடு தொலைபேசியில் பிள்ளைகள் தமிழில் பேசும் நேரம் ஓராண்டில் மூன்று நிமிடமாக உயரும். உயர வேண்டுமென்றால் இப்போது எவ்வளவு என்று தெரிய வேண்டுமே? எக்ஸெல் அண்ணன் ஸ்டாப்வாட்சோடு பன்னிரண்டு வீடுகளில் அளந்தார். சராசரி 14 விநாடி. சாப்பிட்டியா, ம், படிக்கிறியா, ம், இந்தா அப்பாகிட்டக் குடுக்கிறேன்.

பட்ஜெட்டில்தான் மானம் போயிற்று. சென்னையில் சிறுவர் புத்தகம் ஒன்று எண்பது ரூபாய்க்குக் கிடைக்கும். இருநூறு புத்தகம் என்றால் பதினாறாயிரம். கப்பலோ விமானமோ ஏற்றி ஓஹையோவில் இறக்கக் கூரியர்காரர் கேட்ட தொகை அதைப்போல் மூன்று மடங்கு. அம்மாவிடம் சொன்னேன். "சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். ஒரு பழமொழி தசம சுத்தமாகக் கணக்கில் சரியாக வந்து நான் பார்த்தது அன்றுதான்.

வழி கண்டுபிடித்தவர் என் மாமியார். கோடையில் வரும் ஒவ்வொரு தாத்தா பாட்டிக்கும் விமானத்தில் 23 கிலோவில் இரண்டு பெட்டி. ஒரு பெட்டியில் புத்தகம். முறுக்கு, பருப்புப்பொடி, வடகம் எல்லாம் மற்றதில் அடங்க வேண்டும். இது எவ்வளவு பெரிய தியாகம் என்று அறக்கட்டளைக்கு எப்படிப் புரியவைப்பது? 'பொருளாகப் பெற்ற பங்களிப்பு' என்ற தலைப்பில் ஒரு வரி போட்டோம்.

அந்தத் தலைப்பில்தான் உழைப்புக்கும் விலை போட வேண்டும். தன்னார்வலரின் ஒரு மணி நேரத்துக்கு என்ன மதிப்பு என்று இண்டிபெண்டென்ட் செக்டர் என்ற அமைப்பு ஆண்டுதோறும் ஒரு தொகை வெளியிடுகிறது. 2023க்கு அது 33.49 டாலர். நான் பெருமையாக வீட்டில் சொன்னேன்.

"உங்களுக்குமா?" என்றாள் மனைவி.

"எல்லாருக்கும்தான்."

"அப்ப நான் பதினாறு வருஷமா உங்களுக்குத் தன்னார்வலரா இருக்கேன். கணக்குப் போட்டு வைங்க."

சமர்ப்பிக்கும் நாளில் கெடு மாலை ஐந்து மணி. இரவு 11:59 என்று நினைத்திருந்தோம். 4:52க்கு அனுப்பினோம். அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

மார்ச்சில், நேரில் வந்து பார்க்கிறோம் என்று கடிதம். ஞாயிறு வகுப்பு நடக்கும்போது அதிகாரி வருவார். அந்த வாரம் குழுவில் ஒரே பதற்றம். எக்ஸெல் அண்ணன் வாகன நிறுத்தத்தைப் படமெடுத்துப் போட்டார். வரிசையாக டெஸ்லா. எண்ணினால் பதினெட்டு. நடுவில் அவருடையதும் ஒன்று. வாட்ஸப்பில் அறிவிப்புப் போயிற்று: 'அன்பான பெற்றோர்களே, வரும் ஞாயிறு இயன்றவரை பழைய காரில் வரவும். இயலாதோர் மளிகைக்கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு நடந்து வரவும்.' நடந்து வந்தார்கள். நாலு டிகிரிக் குளிரில் டாக்டர்களும் மென்பொருள் கட்டமைப்பாளர்களும் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு பனிச்சேற்றில் வரிசையாக வந்த காட்சி, பஞ்சகாலத்தில் ஊரைக் காலிசெய்து போகிறவர்கள் போலவே இருந்தது. தலைமையாசிரியை அக்காவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

அதிகாரி அறுபது வயதுப் பெண்மணி. வந்தது ஒரு கரோலாவில், அதன் ஒரு கதவு வேறு நிறம். நேராகப் போய்ச் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து 'ழ' சொல்லிப் பார்த்தார். வரவில்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கும் வராது என்பதால் உடனே நட்பாகிவிட்டார்கள். அத்தையின் புளியோதரையை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"விண்ணப்பம் எழுதும் முன் ஏன் எனக்கு ஒரு போன் செய்யவில்லை? அதற்குத்தானே இருக்கிறேன். பாதிக் கேள்விகள் உங்களைப் போன்ற சின்ன அமைப்புக்குப் பொருந்தாதவை. விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன்."

அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தன. ஒன்பது பேர் படித்தோம். ஒருவருக்கும் கூப்பிடத் தோன்றவில்லை. ஆபீசில் போய்க் கேட்டால் கவுண்டர் மூடியாயிற்று என்று சொல்வார்கள் என்று நம்பியே நாங்கள் வளர்ந்துவிட்டோம்.

மே மாதம் முடிவு வந்தது. கேட்டது 4,800. கிடைத்தது 2,000. எல்லாரும் கைதட்டினோம். எக்ஸெல் அண்ணன் மட்டும் மடிக்கணினியைத் திறந்தார். விண்ணப்பத்துக்காக ஒன்பது பேரும் செலவழித்த நேரத்தை அவர் ஆரம்பத்திலிருந்தே குறித்து வைத்திருந்தது யாருக்கும் தெரியாது. மொத்தம் 83 மணி நேரம். மணிக்கு 33.49 வீதம் 2,779 டாலர் 67 சென்ட். அதாவது அறக்கட்டளை எங்களுக்கு 2,000 கொடுத்ததில் எங்களுக்கு 779 டாலர் 67 சென்ட் நஷ்டம்.

பெரிய தொகைக்குப் பெரிய படிவம், சின்னத் தொகைக்குச் சின்னப் படிவம் என்று வைத்தால் என்ன கெட்டுவிடும்? 2020இல் கொரோனா வந்தபோது நூற்றுக்கணக்கான அமெரிக்க அறக்கட்டளைகள், விதிகளைத் தளர்த்துகிறோம், திட்டத்துக்கென்று கொடுத்ததை வாடகைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டன. வானம் இடிந்து விழவில்லை. தொற்று போனதும் பல இடங்களில் படிவம் திரும்பி வந்துவிட்டது, தொற்றைவிடக் கொஞ்சம் நீளமாக.

அலமாரி வந்தது. 2,000 டாலரில் அலமாரியும் கதை நேரமும் போக 140 புத்தகம்தான் முடிந்தது. பாட்டிமார் பெட்டியில் வந்தவை என்பதால் சிலவற்றில் சாம்பார்ப்பொடி வாசம். நூலகத்தில் பட்டியலிட ஒவ்வொரு தலைப்பையும் ரோமன் எழுத்திலும் எழுத வேண்டும். 'ழ' வரும் இடமெல்லாம் எல் எழுத்துக்குக் கீழே ஒரு கோடு. நூலகர் பொறுமையாகக் கோடு போட்டார். 'இன்னாரின் உதவியால்' என்று அறக்கட்டளையின் ஸ்டிக்கரைப் புத்தகத்தின் முன்பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். கதைப் புத்தகம் ஒன்றில் அது சரியாகப் புலியின் முகத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகள் அதைப் புலிக் கதை என்று நம்ப மறுக்கிறார்கள். நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் போக மிச்சம் வருகிற வெளிச்சம் நினைவுக்கு வந்தது.

இறுதி அறிக்கைக்காக எக்ஸெல் அண்ணன் மறுபடி ஸ்டாப்வாட்சை எடுத்தார். அத்தையின் பேரன் பாட்டியோடு பேசியது மூன்று நிமிடம் பத்து விநாடி. அதில் மூன்று நிமிடம் அத்தை பேசினார். பத்து விநாடி அவன் கேள்வி கேட்டான்: "புலி ஏன் பாட்டி ஊருக்குள்ள வந்துச்சு?" அத்தை அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு எங்கள் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். இதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் 'பிற' என்ற கட்டத்தில் எழுதினோம்.

தேவாலய வாடகை செப்டம்பரிலிருந்து கூடியிருக்கிறது. மாதம் ஐந்து டாலர் பேச்சு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

அடுத்த சுற்று டிசம்பர் 1 அன்று திறக்கிறது. இந்த முறை முதலில் போன் செய்வதாக முடிவு செய்திருக்கிறோம். யார் செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. ஆங்கிலத்தில் 1,500 எழுத்துக்குள் பேசி முடிக்கத் தெரிந்தவர்கள் ஞாயிறு மதியம் வந்து என்னைப் பார்க்கலாம். சம்பளம் இல்லை, புளியோதரை உண்டு. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை.